மறுபடி சேர்ந்த ராக் குழுவைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடையேறப் போகும் நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. நோயல் கலகர் விலகினார், மான்செஸ்டரின் ராக் குழுவான ஒயாசிஸ் முடிந்தது. பதினைந்து வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 27 அன்று, நோயலும் தம்பி லியாமும் மறுபடி சேர்ந்து பாடப்போவதாக அறிவிப்பு வந்தது. 31ஆம் தேதி டிக்கெட் விற்பனை. அத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு யோசிக்கக் கிடைத்தது நான்கே நாள்.

ரசிகர்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த நான்கு நாளின் பதற்றத்தில் பிறந்தவை. 'இப்போது விட்டால் கிடையாது, நாளைக்கே மறுபடி அடித்துக்கொள்வார்கள்' என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் ஒரே ஒரு இரவு வாசித்தார்கள்; அதன்பின் அந்தக் குழு முழுக் கச்சேரி எதுவும் செய்யவில்லை. ஆனால் அங்கே டிக்கெட் குலுக்கலில் போனது, விலை 125 பவுண்டு. பெயரைக் கொடுத்துவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பலாம். ஒயாசிஸ் விற்பனையில் பதற்றத்துக்கே விலை வைத்திருந்தார்கள்.

ஆன்லைன் வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்து உள்ளே போனவர்கள், சுமார் 150 பவுண்டு என்று நினைத்திருந்த நிற்கும் இடத்து டிக்கெட் 355 பவுண்டுக்கு நிற்பதைப் பார்த்தார்கள். முடிவெடுக்கச் சில நிமிடம்தான். பலரும் வாங்கிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றுகிறது என்று ஊரே திட்டியது. பிரிட்டனின் சந்தைப் போட்டிக் கண்காணிப்பு அமைப்பான சிஎம்ஏ விசாரித்ததில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடந்தது வேறு: நிற்கும் இடத்துக்கே இரண்டு விலை, மலிவானது தீர்ந்ததும் மற்றது. அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'பிளாட்டினம்' என்ற பெயரில் சாதாரண டிக்கெட்டைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலைக்குப் போனவற்றில் பலவும் அதே பகுதி இருக்கைகள், கூடுதல் வசதி எதுவும் இல்லாமல்.

ஆகவே உங்களால் எவ்வளவு முடியும் என்பதை வரிசையில் சேருவதற்கு முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். திரையில் நிமிடம் குறைந்துகொண்டே வரும்போது யாருக்கும் கணக்கு வராது. முதல் நாளே கடைசி நாள் என்றும் நினைக்க வேண்டாம். ஒயாசிஸ் விற்பனை முடிந்த சில நாட்களிலேயே லண்டனின் வெம்ப்ளி அரங்கத்தில் செப்டம்பர் 27, 28 என்று இரண்டு இரவுகள் கூடுதலாக அறிவிக்கப்பட்டன. முதல் சுற்றில் ஏமாந்தவர்களுக்குத்தான் அதில் முதல் அழைப்பு. டிக்கெட்டைத் திருப்பி விற்பவர்களுக்கென்று டுவிக்கெட்ஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தளங்கள் இருந்தன, அச்சிட்ட விலைக்குமேல் அங்கே விற்க முடியாது. வெளியே வாங்கினால் டிக்கெட் ரத்தாகலாம் என்று ஏற்பாட்டாளர்கள் எச்சரித்திருந்தார்கள். சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பி இழந்தவர்கள் கதை தனி.

இனி எதிர்பார்ப்பு. 1996இல் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் இரவுக்கு ஒன்றேகால் லட்சம் பேர் பார்த்த அதே குழுவைத் தேடிப் போகாதீர்கள். 2025 மேடையில் பழைய கிடாரிஸ்ட் போன்ஹெட் இருந்தார், ஆனால் பழைய பேஸ் கிடாரிஸ்ட் குயிக்ஸி இல்லை. டிரம்ஸில் ஜோயி வாரொன்கர், ஒயாசிஸுக்குப் புது ஆள். அக்டோபரில் போன்ஹெட்டும் புற்றுநோய் சிகிச்சைக்காகச் சில நாடுகளின் கச்சேரிகளிலிருந்து விலகியிருந்தார். புதிய பாட்டு ஏதாவது வருமா என்று காத்திருந்தவர்களும் ஏமாந்தார்கள். கார்டிஃப் முதல் இரவிலிருந்து ஏறக்குறைய அதே 23 பாட்டு, பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துச் சரக்கு. என்னைக் கேட்டால் அது குறையே இல்லை. மூன்று தலைமுறை ஒன்றாகப் பாட வேண்டுமென்றால் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான் வேண்டும்.

2025 கச்சேரிகளில் நடுவில் லியாம் உள்ளே போய்விட, நோயல் தனியாகச் சில பாட்டு பாடுவார். பியருக்கும் கழிப்பறைக்கும் கூட்டம் கிளம்புவது அப்போதுதான். 'டாக் டுநைட்' அங்கேதான் வரும். போய்விட்டு வந்து வருந்தாதீர்கள்.

'சிகரெட்ஸ் அண்ட் ஆல்கஹால்' பாட்டு ஆரம்பிக்கும்போது கையில் நிறைந்த கோப்பையோடு நிற்பது இன்னொரு தவறு. மேடைக்கு முதுகைக் காட்டி, பக்கத்தில் இருப்பவர் தோளில் கைபோட்டுக் குதிக்கச் சொல்வார் லியாம். போலந்தின் லெக் போஸ்னான் கால்பந்து அணி ரசிகர்களிடம் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் 2010இல் எடுத்துக்கொண்ட ஆட்டம் இது. எதிரணியான மான்செஸ்டர் யுனைடெட் ரசிகரானாலும் அந்த நேரத்தில் குதித்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் மிதி விழும்.

ஃபோனில் ஓரிரண்டு பாட்டை எடுப்பதில் தப்பில்லை. 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' வரும்போது மட்டும் உள்ளே வையுங்கள். 2017 மான்செஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் மௌன அஞ்சலி முடிந்ததும் ஒரு பெண் தானாகப் பாடத் தொடங்க, கூடியிருந்தவர்கள் சேர்ந்துகொண்ட பாட்டு அது. பல்லவியை அரங்கமே பாடும். நீங்கள் எடுக்கும் வீடியோவில் கேட்கப்போவது உங்கள் பக்கத்து ஆளின் குரல்தான்.

காதடைப்பான் மறக்க வேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளோடு போகிறவர்கள். வெம்ப்ளி என்றால் சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வெம்ப்ளி சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈலிங் ரோட்டில் நம் ஆட்களின் கடைகள் உண்டு, அரங்கத்துக்குள் விற்பதைவிட எவ்வளவோ மேல். ரயிலுக்குப் பயந்து கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நிலையத்தில் எப்படியும் கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துத்தான் விடுவார்கள். வெளியூர்க்காரர் என்றால் டிக்கெட் கிடைத்த அன்றே தங்கும் அறையையும் போட்டுவிடுங்கள், அதுவும் பணம் கட்டாமல் ரத்து செய்யக்கூடியதாக.