கையுறை விரலில் ஒரு முடிச்சு

தெருநாய்க் கருத்தடை மையத்தில் நான் பணியாற்றத் தொடங்கியபோது, பயிற்சிக்கு வரும் கால்நடை மருத்துவ மாணவர்களிடம் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தது. சினைப்பையை அகற்றும்போது அதன் இரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவும், வயிற்றுக்குள் இரத்தம் நிறையும். நான் பதறிப்போய் தையல் ஊசியைப் பிடிக்கும் கருவியான நீடில் ஹோல்டரைப் பிடுங்கி நானே முடித்துவிடுவேன். நாய் பிழைக்கும், மாணவர் எதுவும் கற்றிருக்க மாட்டார்.

முடிச்சுகளை உற்றுப் பார்த்தேன். இரண்டு சுற்றும் ஒரே திசையில் போயிருந்தன. எதிரெதிராகப் போனால்தான் இறுகும். பலகையில் வரைந்து காட்டியதால் பயன் ஏதும் இல்லை. காலாவதியான கையுறையில் சிவப்பு மை கலந்த நீரை நிரப்பி, வாயைக் கட்டி, ஒரு விரலின் அடியில் முடிச்சுப் போடச் சொன்னேன். பிறகு விரல்நுனியை வெட்டிவிட்டு உள்ளங்கைப் பகுதியை அழுத்துவேன். ஒழுகினால் மறுபடியும் முதலிலிருந்து. முதல் நாள் அதிகம் நனைந்தது என் சட்டைதான்.

வேலையையும் தலைகீழாகக் கொடுத்தேன். முதலில் தோல் தையல் மட்டும். அது படிந்த பிறகு வயிற்றுச் சுவர்த் தையல். அப்புறம்தான் குழாய்க் கட்டு. கத்தி கடைசியில். எனக்கும் ஒரு விதி: எதிரே கைகளைக் கட்டி நிற்பேன், இரத்தம் பீறிட்டாலன்றித் தொட மாட்டேன். கற்பிப்பதில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான்.

வலது சினைப்பை மட்டும் இன்னும் தகராறுதான். இடதைவிட முன்னால், அதாவது தலைப்பக்கமாக, சிறுநீரகத்தை ஒட்டி ஒளிந்திருக்கிறது. "சார், எட்டவில்லை" என்பார்கள். "வெட்டை ஒரு விரல் முன்னால் நீட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறேன்.