புதியவர்களுக்கு நாணயப் பரிசுப் பொட்டலம் போடுவது எப்படி?

சென்னையில் நாங்கள் நாணய நண்பர்கள் கூடும்போதெல்லாம், முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுப்போம். என் சேகரிப்பும் அப்படி ஒரு பெரியவர் கொடுத்த ஏழு காசில் தொடங்கியதுதான். இப்போது பொட்டலம் போடுவது என் பொறுப்பு.

1. காசு பொறுக்குதல்

பத்துக் காசு போதும். 1957இல் வந்த நயா பைசா ஒன்று, அறுகோண மூன்று பைசா, 1968 முதல் 1971 வரை வந்த பித்தளை நிறத் தாமரை இருபது பைசா, காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா, பதினொரு முனை இரண்டு ரூபாய் போன்றவை. விலை குறைவு, ஆனால் வடிவமும் உலோகமும் வேறு வேறு. தேய்ந்துபோய் ஆண்டே தெரியாததைப் போடாதீர்கள். நமக்கு வேண்டாததைத் தள்ளிவிடுவது பரிசு ஆகாது.

2. தேய்க்காதீர்கள்

புளி, பற்பசை, விபூதி எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், மதிப்பு போகும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

3. உறை

இங்கேதான் நான் சறுக்கினேன். பாரிமுனைப் பக்கம் மலிவாகக் கிடைத்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் இருபது பொட்டலம் போட்டு வைத்தேன். ஒரு மழைக்காலம் கழித்துப் பிரித்தால், தாமரைக் காசின் இதழ்களுக்கு நடுவே பச்சையாக ஒரு பிசுக்கு, விரலில் ஒட்டியது. உறை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது சிதையும்போது கசிவது செம்பு கலந்த காசை அரிக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். மோந்து பாருங்கள்: புது மழைக்கோட்டு வாசனை வந்தால் வாங்காதீர்கள்.

என் தேர்வு, நடுவில் மைலார் என்ற மெல்லிய கண்ணாடித் தாள் போன்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிய இரண்டு அங்குல அட்டை ஹோல்டர். காசை விட ஒரு நூல் பெரிய வட்டமாக எடுத்து, மடித்து, மூன்று பக்கமும் ஸ்டேப்ளர் அடியுங்கள். பிறகு பின்னின் கால்களைக் குறடால் அழுத்தித் தட்டையாக்குங்கள். இதை விட்டால் பக்கத்துக் காசில் கீறல் விழும்.

4. எழுதுதல்

அட்டையில் மதிப்பு, ஆண்டு, காசு அடித்த ஆலை எழுதுங்கள். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. வாங்குகிறவரே கண்டுபிடிக்கட்டும் என்று ஒன்றில் மட்டும் ஆலையை எழுதாமல் விடுவேன். போன மாதம் ஒரு சிறுமி லென்ஸை வாங்கி, "அங்கிள், நட்சத்திரம்!" என்று கத்தினாள். அன்றைக்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

5. கொடுத்தல்

ஆள் அதிகம் என்றால் சீட்டுக் குலுக்கல். சீட்டை அங்கே இருப்பதில் சின்னப் பிள்ளை எடுக்கட்டும். கிடைக்காதவருக்கும் ஒரு காசாவது கையில் கொடுத்து அனுப்புங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தைப் போய்ப் பார்க்கவும் சொல்லுங்கள்.

பின்குறிப்பு: வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நூறு ஆண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதனால் 1918 கால் அணாவை இங்கே இருப்பவருக்கே கொடுத்துவிடுங்கள்.