ஸ்டேக் பாதியில் விழுந்தால், கட்டியதை அழிக்க விடாதீர்கள்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்-இல், டெம்ப்ளேட் என்ற விவரக் கோப்பைப் படித்து சர்வர், டேட்டாபேஸ் போன்ற ரிசோர்சஸைத் தானே எழுப்பும் கருவி கிளவுட்ஃபார்மேஷன். அப்படி ஒன்றாக எழுப்பப்படும் தொகுப்புதான் ஸ்டேக். அதை உருவாக்கும்போது, 'ஸ்டேக் ஃபெயிலியர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'பிரிசர்வ் சக்சஸ்ஃபுலி ப்ரொவிஷன்டு ரிசோர்சஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2021-லிருந்தே இருக்கும் வசதி, இன்னும் பலர் கண்ணில் படவில்லை.

வழக்கப்படி விட்டால், ஒரே ஒரு ரிசோர்ஸ் தோற்றாலும் ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திருப்பும் வேலை, எல்லாவற்றையும் அழித்துவிடும். காத்திருந்து எழுப்பிய ஆர்டிஎஸ் டேட்டாபேஸும் போகும், பிழையின் தடயமும் போகும். இந்த வசதியில் ஸ்டேக் விழுந்த இடத்திலேயே நிற்கும். ஈசி2 சர்வரிலிருந்து 'தயார்' என்ற சிக்னல் வராமல் தோற்றதா? சரி, அதே சர்வருக்குள் நுழைந்து கிளவுட்-இனிட் அவுட்புட் லாகின் (சர்வர் முதலில் எழும்போது நடந்தவற்றின் பதிவு) கடைசி வரிகளைப் படியுங்கள். பேக்கேஜ் பெயர் தப்பா, வெளியே இணையத்துக்கு வழியில்லையா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியும். இதை முதலில் செய்யுங்கள், ஏனென்றால் தோற்ற சர்வர் அடுத்த முயற்சியில் நீக்கப்பட்டுவிடும். அப்புறம் டெம்ப்ளேட்டைத் திருத்தி 'அப்டேட்' கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். வெறும் அனுமதிக் குறைபாடு என்றால், அதைச் சரிசெய்து 'ரீட்ரை' கொடுத்தாலே போதும்.

வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஸ்டேக்கில் மட்டும் வேண்டாம். அங்கே பழைய நிலைக்கு உடனே திரும்புவதுதான் பாதுகாப்பு. இன்னொன்று, பாதியில் நிற்கும் டேட்டாபேஸுக்கும் கட்டணம் உண்டு. சிங்கப்பூர் வட்டாரத்தில் ஓட்டும் சோதனை ஸ்டேக்கை வெள்ளிக்கிழமை மாலை நீக்காமல் எம்ஆர்டி ரயில் ஏறிவிட்டால், திங்கள் காலை வரை காசு ஓடிக்கொண்டே இருக்கும்.