அலுமினா படுகையில் இறங்காத ஃப்ளோரைடு: என் அனுபவம்
கண்ணாடியில் ஆசிட் டிசைன் போடும் பட்டறைக் கழிவுநீர். சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்த பிறகும் மிஞ்சும் ஃப்ளோரைடைப் பிடிக்க ஆக்டிவேட்டட் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு மணிகள் நிரப்பிய படுகை. காஸ்டிக் சோடாவால் கழுவிப் புதுப்பித்ததிலிருந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரம்புக்குக் கீழே ஃப்ளோரைடு இறங்கவே இல்லை.

நீரோட்டத்தைக் குறைத்தோம், புது மணி கலந்தோம், மீட்டரை மாற்றினோம். பலனில்லை. உள்ளே போகும் நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 6 என்பதால் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. வெளியே வருவதை அளந்தால் 9.5! மணிகளின் நுண்துளைகளில் காஸ்டிக் தங்கியிருந்தது. காரம் ஏறினால் அலுமினாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் பெற்று ஃப்ளோரைடைத் தள்ளிவிடும்.

நீர்த்த கந்தக அமிலத்தை மெதுவாகச் சுற்றவிட்டோம். வெளிவரும் நீர் 6-க்கு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. பம்பை அணைத்து ராத்திரி ஊறவிட்டால் காலையில் மறுபடி 8-ஐத் தாண்டி நின்றது. இன்னொரு சுற்று அமிலத்துக்குப் பிறகுதான் ஃப்ளோரைடு வரம்புக்குள் வந்தது, அப்பாடா.