‘வயசாயிடுச்சுல்ல’ என்று சொல்லி நாம் செய்யும் தவறுகள்

அப்பா கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பேப்பர் பிரிக்காமலே கிடக்கிறது. நாற்பது வயதுக்காரர் இப்படி இருந்தால் வீடே பதறும். எழுபத்தைந்து என்றால் “வயசாயிடுச்சுல்ல” என்று விட்டுவிடுகிறோம். முதுமை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான்.

மனச்சோர்வு முதுமையின் இயல்பு அல்ல. வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். “மனசு சரியில்லை” என்று பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. உடம்பு வலி, பசியின்மை, தூக்கமின்மை என்றுதான் பெரும்பாலும் அது வெளியே வரும். மறதியும் அப்படித்தான். பி12 குறைபாடு, தைராய்டு, சளிக்கும் தூக்கத்துக்கும் போடுகிற சில மாத்திரைகள் எல்லாமே மூளையை மந்தமாக்கக்கூடியவை. காது சரியாகக் கேட்காதவரை நினைவு போனவர் என்று வீட்டில் முடிவுகட்டுவதும் நடக்கிறது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அது மூப்பு இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, அன்பின் பேரில் செய்யும் தவறு. “நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்.” மார்கிரெட் பால்டஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் முதியோர் இல்லங்களில் நடப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்தார். ஒரு முதியவர் தானே முயன்று சட்டை போட்டுக்கொண்டால் யாரும் கண்டுகொள்வதில்லை; முடியவில்லை என்று கை விரித்தால் உடனே ஒருவர் வந்து நிற்கிறார், பேச்சும் கிடைக்கிறது. முடியாமல் இருப்பதற்குத்தான் அங்கே கவனிப்பு பரிசாகக் கிடைத்தது. நம் வீடுகளிலும் இதே கதைதான். பொத்தான் போட ஐந்து நிமிஷம் ஆகிறது, நமக்குப் பொறுமை இல்லை, போட்டுவிடுகிறோம். அந்த விரல்களுக்கு வேலை குறைகிறது. பிறகு “பாவம், பொத்தான்கூடப் போட முடியலை” என்று நாமே சொல்கிறோம்.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய சோதனை 1976இல் வெளியானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் உங்கள் அன்றாடத்தை நீங்களே தீர்மானியுங்கள் என்றார்கள். ஆளுக்கொரு செடி கொடுத்து, தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்போடு இருந்தார்கள். மிகச் சிறிய ஆய்வு. செடி வாங்கிக் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கினால் ஆள் சுருங்கிப்போவார் என்பது மற்ற ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது.

அதற்காக எல்லாவற்றையும் பழையபடியே செய்யச் சொல்லவும் முடியாது. பால் பால்டஸ் (மார்கிரெட்டின் கணவர்) இதற்குப் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைனை உதாரணம் காட்டுவார். எண்பது வயதிலும் எப்படி மேடையேற முடிகிறது என்றால், வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். அவற்றை அதிகமாகச் சாதகம் செய்தார். வேகமான பகுதி வருமுன் கொஞ்சம் நிதானித்து வாசித்தார், அடுத்து வருவது வேகமாகக் கேட்கும். அடுப்படியில் இதைச் செய்வது கஷ்டமில்லை. முழுச் சமையலும் வேண்டாம், ரசமும் துவையலும் அம்மாவுடையது. உட்கார்ந்து காய் நறுக்க ஒரு நாற்காலி, மேடைக்கு மேலே நல்ல வெளிச்சம். உப்பு எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும்.

உட்கார வைப்பதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பிடிவாதமாக வெளியே இழுப்பது. 1961இல் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இரு ஆய்வாளர்கள், வயதானவர்கள் சமூகத்திலிருந்து விலகுவது இயற்கை, இரு தரப்புக்கும் நல்லது என்று எழுதினார்கள். அது பெரிய சண்டையைக் கிளப்பியது. ராபர்ட் ஹாவிகர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் தரப்பு, சுறுசுறுப்பாக இருப்பவர்களே நிறைவாக இருக்கிறார்கள் என்றது. இந்த இரண்டாவது கட்சியைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் நிம்மதியாக இருக்கிற மனுஷரைச் சிரிப்பு யோகாவுக்கும் சீனியர் சிட்டிசன் டூருக்கும் இழுத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கூட்டம் பிடிக்காதவருக்கு எழுபதில் எப்படிப் பிடிக்கும்? முதுமை பற்றி ஆராய்ந்த ராபர்ட் ஆட்ச்லி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: மனிதர்கள் தங்கள் பழைய போக்கிலேயேதான் மூப்படைகிறார்கள்.

நட்பு வட்டம் சுருங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் விளக்கம் உதவும். மிச்சம் இருக்கும் காலம் குறைவு என்று தோன்றும்போது யாரும் புதிய அறிமுகங்களைத் தேடுவதில்லை, மனசுக்கு நெருங்கியவர்களைத்தான் தேடுகிறார்கள். இதற்கு வயது மட்டும் காரணமில்லை, ஒரு காலம் முடியப்போகிறது என்ற உணர்வே போதும். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு கேட்டபோது, அங்கே இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். ஒப்படைப்புக்கு ஓர் ஆண்டு கழித்துக் கேட்டால் இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் இடையிலான பழைய வித்தியாசம் திரும்பியிருந்தது. ஆகவே அப்பா ரிசப்ஷனுக்கு வர மறுத்துவிட்டு அத்தையிடம் ஒரு மணி நேரம் போனில் பேசினால் கவலை வேண்டாம். அத்தையிடமும் பேசாமல் போனால் கவனியுங்கள்.

“வயசானா மூளை வேலை செய்யாது” என்பதும் பாதிக்கு மேல் தவறு. உளவியலாளர் வார்னர் ஷை 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, அதே ஆட்களையே பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் ஒரே நாளில் சோதித்தால் சரிவு பெரிதாகத் தெரியும். அதில் ஒரு பகுதி, அந்தந்தத் தலைமுறைக்குக் கிடைத்த படிப்பு போன்றவற்றின் வித்தியாசம். ஒருவரையே தொடர்ந்து பார்த்தால் பெரும்பாலான திறன்கள் அறுபதுகள் வரை பெரிதாகக் குறைவதில்லை. வேகம் முன்பே குறைகிறது, அது உண்மை. பதில் வர நேரம் கொடுக்காமல் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் பிரச்சினை. இது டாக்டர் அறையில் நன்றாகவே தெரியும். கேள்வி அம்மாவிடம், பதில் மகனிடமிருந்து. பத்து நொடி வாயை மூடிக்கொண்டு இருங்கள். அம்மா சொல்வார், உங்களிடம் சொல்லாத ஒன்றையும் சேர்த்தே சொல்வார். குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசுவதையும் விட்டுவிடலாம். மறதி நோய் உள்ளவர்கள்கூட அப்படிப் பேசும்போது ஒத்துழைக்க மறுப்பது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கடைசியாக, “இதையே எத்தனை தடவை சொல்வீங்க” என்று பழங்கதையை வெட்டுவது. கடந்ததைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது புத்தி பேதலிப்பின் அடையாளமல்ல, வாழ்ந்ததைக் கணக்குப் பார்க்கிற இயல்பான வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963லேயே எழுதினார். பழைய சண்டை ஒன்றே மறுபடி மறுபடி வந்தால், “அப்புறம் சித்தப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டுப் பாருங்கள், கதை நகரும். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதையைத் திரும்பச் சொல்வது வேறு. எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு “இன்னும் டிபன் ஆகலையா” என்று தினமும் கேட்பது வேறு. இரண்டாவதற்கு நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பார்க்க வேண்டும். போகும்போது, எப்போதிலிருந்து இப்படி என்ற விவரத்தையும் அவர் போடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.