ஃபோர்டு ரேஞ்சரில் டர்போ எஞ்சின்: ஸ்பானரை எடுப்பதற்கு முன் போட வேண்டிய திட்டம்

அமெரிக்காவில் 1983 மாடலாக அறிமுகமான ஃபோர்டு ரேஞ்சர் என்ற சிறிய பிக்கப்பின் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும், அதே ஆண்டு ஃபோர்டின் தண்டர்பேர்டு டர்போ கூப் காரில் வந்த டர்போ எஞ்சினும் (புகையின் விசையால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ கொண்டது) ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒஹாயோ மாநிலத்து லைமா நகரில் தயாரிக்கப்பட்டதால் 'லைமா' என்று அழைக்கப்படும் இந்த எஞ்சின், 1974 மாடல் மஸ்டாங் 2 காரில் முதலில் வந்தது. கியர்பாக்ஸைப் பிடிக்கும் போல்ட் துளைகள் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், 'எடுத்து வைத்தால் உட்கார்ந்துவிடும்' என்று பலர் நம்பிவிடுகிறார்கள். எஞ்சின் உண்மையிலேயே உட்கார்ந்துவிடும். பெட்ரோல், வயரிங், காற்றுக் குழாய்கள், புகைக்குழாய் ஆகியவற்றை முன்கூட்டியே யோசிக்காததால்தான், தார்ப்பாயால் மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் நிற்கும் ரேஞ்சர்கள் இத்தனை இருக்கின்றன.

வண்டியில் இருக்கும் எஞ்சினிலேயே ஒரு டர்போவைப் பொருத்திவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானதே. ரேஞ்சரின் சாதாரண எஞ்சினில் அமுக்க விகிதம் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 9:1-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பிஸ்டன்கள் வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை. டர்போ எஞ்சினில் அமுக்க விகிதம் 8:1; பிஸ்டன்கள் ஃபோர்ஜ் செய்யப்பட்டவை, அதாவது அழுத்தி அடித்து உருவாக்கப்பட்டவை; டர்போவிலிருந்து இறங்கும் எண்ணெய் உள்ளே திரும்புவதற்கான துளையும் பிளாக்கிலேயே உண்டு. குறைந்த அழுத்தத்தில் ஓட்டினால் பழைய எஞ்சினும் சில காலம் தாங்கும் என்றாலும், ஒருமுறை செய்து நிம்மதியாக ஓட்ட நினைப்பவர் முழு எஞ்சினையும் மாற்றுவதே சிக்கனம் என்பது என் முடிவு.

முதலில் பார்க்க வேண்டியது சட்டம். கலிஃபோர்னியாவில் மாற்றுகிற எஞ்சின், வண்டியின் மாடல் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு வந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ளிட்ட புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அனைத்தும் உடன் வர வேண்டும். மாநில வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் ரெஃபரி எனப்படும் பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். டர்போ கூப் 1988 மாடலோடு நின்றுவிட்டது. எனவே அதன் எஞ்சினை 1988 வரையிலான ரேஞ்சருக்கு மட்டுமே திட்டமிடலாம். 1992 ரேஞ்சரை ஆசையோடு வாங்கி வைத்திருப்பவருக்கு அங்கே வழியில்லை. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறுபடும் என்பதால், பணம் கைமாறுவதற்கு முன் உங்கள் மாநிலத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எஞ்சினை எந்த வண்டியிலிருந்து எடுப்பது? இதே டர்போ எஞ்சின் வேறு சில கார்களிலும் வந்தது. 1984 முதல் 1986 வரை வந்த மஸ்டாங் எஸ்விஓ அரிதாகிவிட்டது. அதை உதிரிக்காகக் கழற்ற எனக்கு மனம் வராது. 1985 முதல் 1989 வரை விற்ற மெர்க்கூர் எக்ஸ்ஆர்4டிஐ 175 குதிரைத்திறன் தந்தது. அதில் இண்டர்கூலர் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கிடையாது. 1987, 1988 டர்போ கூப், ஐந்து கியர் மேனுவல் பெட்டியோடு 190 குதிரைத்திறன் தந்தது. இண்டர்கூலரும் ஐஹெச்ஐ நிறுவனத்தின் சிறிய டர்போவும் அதோடு வரும். பாரம் ஏற்றும் பிக்கப்புக்குக் கீழ்ச் சுற்றுகளிலேயே இழுவை வேண்டும் என்பதால், விரைவாக அழுத்தம் கட்டும் ஐஹெச்ஐ டர்போவே பொருத்தமானது என்று நினைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் எஞ்சினை மட்டும் வாங்காமல் முழுக் காரையும் வாங்குங்கள். ஒரு சிறிய பிராக்கெட்டைத் தேடி மூன்று வாரம் அலைந்தவருக்குத்தான் இந்த அறிவுரையின் அருமை தெரியும்.

கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே சோதித்துவிடுவது நல்லது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (அமுக்க அழுத்தம்) அளந்து பாருங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமான அளவின் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் குளிர்ந்த பின் டர்போவுக்குக் காற்று செல்லும் குழாயைக் கழற்றி, காற்றாடியின் நடுவிலுள்ள நட்டை இரண்டு விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இயல்பானது; ஆனால் பக்கவாட்டில் அழுத்திச் சுழற்றும்போது இதழ்களின் நுனி கூட்டின் சுவரை உரசும் சத்தம் கேட்டால், டர்போவைப் பிரித்துச் செப்பனிடும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இந்த எஞ்சின்களில் சகஜம். கையில் டார்ச்சோடு ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் பாருங்கள். காரைப் பிரிக்கும் முன் பானட்டுக்கு அடியிலுள்ள புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கரையும் வெற்றிடக் குழாய்கள் செல்லும் பாதைகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரெஃபரியிடம் போகும்போதும் அவை உதவும்.

இனி அளவெடுப்பு. தண்டர்பேர்டின் ஆயில் பேன் ரேஞ்சரின் குறுக்குச் சட்டத்துக்கு ஒத்துவராது. ரேஞ்சரின் பேனையும் அதற்குரிய எண்ணெய் உறிஞ்சு குழாயையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எஞ்சின் மவுண்டுகளும் ரேஞ்சருடையவையே. எஞ்சினை டர்போவோடு வெறுமனே இறக்கி வைத்து, ஹீட்டர் பெட்டிக்கும் டர்போவிலிருந்து வளைந்து இறங்கும் புகைக்குழாய்க்கும் இடையே கையை விட்டுப் பாருங்கள். ரப்பர் மவுண்டில் எஞ்சின் அசையும் என்பதால், எந்த இடத்திலும் ஓர் அங்குலத்துக்குக் குறைவான இடைவெளியை நான் ஏற்பதில்லை. தொழிற்சாலை இண்டர்கூலர் எஞ்சினின் தலைமேல் உட்காருவதால் பானட்டை வெட்டி ஸ்கூப் வைக்க வேண்டிவரும். ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கும் இண்டர்கூலரை வாங்கினால் பானட் தப்பும், ஆனால் குழாய்களின் நீளம் கூடும். எப்படியும் ரேடியேட்டரை ஆறு சிலிண்டர் ரேஞ்சருக்குரிய பெரியதாக மாற்றிவிடுங்கள்.

பெட்ரோலில்தான் கணக்கு வேண்டும். டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் கேட்கும் என்று வைத்தால், 190 குதிரைத்திறனுக்கு 114 பவுண்டு ஆகிறது. 1987, 1988 டர்போ கூப்பின் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் மணிக்கு 35 பவுண்டு தரும். நான்கும் சேர்ந்து 140. அதாவது முழு வேகத்தில் அவை 81 சதவீத உழைப்பில் இருக்கும். அதற்கு மேல் திறனை உயர்த்த இடம் அதிகமில்லை. பெட்ரோல் அழுத்தம் 39 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு 39 பவுண்டு) தொடங்கி, டர்போ அழுத்தம் கூடக்கூட அதே அளவு ஏற வேண்டும். 15 பிஎஸ்ஐ பூஸ்டில், அதாவது டர்போ அழுத்தத்தில், அது 54 ஆகும். 1983, 1984 ரேஞ்சர்கள் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றின் பம்பால் இதில் பாதியைக்கூட எட்ட முடியாது. பம்பு, குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் புதிதாகப் போடும்போது, மோதலில் பம்பை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்சை மறக்காமல் இணைக்க வேண்டும்.

வயரிங்கைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அவசரப்படத்தான் கூடாது. தண்டர்பேர்டின் ஈஈசி-4 கம்ப்யூட்டர் 60 முனை கொண்ட ஒரே பிளக்கில் இணைகிறது. கம்ப்யூட்டர், காற்றளவு மீட்டர், இன்ஜெக்டர் மூன்றும் ஒரே காரிலிருந்து வர வேண்டும். மெர்க்கூரின் மீட்டரையும் டர்போ கூப்பின் இன்ஜெக்டரையும் கலந்தால் கலவை விகிதம் கெட்டுவிடும். ஹார்னஸை (வயர்களின் கட்டை) ஒரு மேசையில் விரித்து, ஒவ்வொரு கம்பிக்கும் காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒட்டிய பிறகே வேண்டாததை வெட்டுங்கள். மீட்டருக்கும் டர்போவுக்கும் இடையே சிறு ஓட்டை இருந்தாலும் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைந்த கலவையாகிவிடும். டர்போவுக்குப் பின் கசிந்தால் நேர்மாறாக, பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாயில் ஒருவழி வால்வு சரியாக வேலை செய்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரேஞ்சரின் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் டிரைவ்ஷாஃப்டை வெட்டத் தேவையில்லை. ஆனால் பழைய பெட்டி நிதானமாக ஓட்டுபவருக்கு மட்டுமே நெடுநாள் தாங்கும். டர்போ கூப்பின் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டியைப் போட்டால் டிரைவ்ஷாஃப்ட், கிளட்ச் இயக்கம், குறுக்கு ஆதாரம் எல்லாம் மாறும். பின் அச்சுக்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியின் 8.8 அங்குல அச்சு பலர் தேர்ந்த வழி; ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை வெட்டி மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். 1995-க்குப் பிந்தைய எக்ஸ்ப்ளோரர் அச்சில் பின்சக்கர டிஸ்க் பிரேக்கும் கிடைத்துவிடும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்பு, சீல்கள் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாய் எங்கும் மடங்காமல் நேராகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் மீட்டரில் முள் எழும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். வறண்ட பேரிங்கோடு டர்போ ஒரு நிமிடம் சுழன்றாலும் தேய்மானம் தொடங்கிவிடும். பின்னர் ஸ்பவுட் இணைப்பை (டைமிங்கைக் கம்ப்யூட்டர் மாற்றுவதற்கான கம்பியின் சிறு இணைப்பு) கழற்றி, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடிப்படை டைமிங்கை வைத்து, அதை மறுபடி செருகுங்கள். முதல் சில நூறு மைல்களுக்குப் பூஸ்ட் சோலனாய்டை (டர்போ அழுத்தத்தை உயர்த்த உதவும் மின் வால்வு) இணைக்காமல், அழுத்தம் மிகாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவின் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே ஓட்டி, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்டு மீட்டரில் கலவையைக் கவனித்து, எஞ்சின் ஆறியதும் குழாய்க் கிளாம்புகளையும் மேனிஃபோல்டு போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிய பிறகு சோலனாய்டை இணையுங்கள்.