முகவாதம் வந்து கண்ணு மூடலைன்னா கருவிழியை எப்படி காப்பாத்துறது

நம்ம நீலகிரியில யாருக்காவது வாய் ஒரு பக்கம் கோணிச்சுன்னா உடனே "பனிக்காத்து அடிச்சிருச்சு"ன்னு சொல்லி தலையில மப்ளரை சுத்தி உக்கார வெச்சிருவாங்க, வர்றவங்க போறவங்க எல்லாம் வாயையே பாத்து வருத்தப்படுவாங்க. ஆனா அவசரமா பாக்க வேண்டியது கண்ணைத்தான். வாய் கோணல் நிறைய பேருக்கு சில வாரம் சில மாசத்துல சரியாயிடும், ஆனா கருவிழி காஞ்சு புண்ணாகி தழும்பு விழுந்துச்சுன்னா பார்வை பழையபடி வர்றது கஷ்டம்.

முதல்ல ஆஸ்பத்திரி. கை கால் தொய்யுது, பேச்சு குழறுதுன்னா, இல்ல வாய் கோணியும் நெத்தி ரெண்டு பக்கமும் நல்லா சுருங்குதுன்னா, பக்கவாதமா இருக்கலாம், உடனே 108 கூப்பிடுங்க. நெத்தியும் சுருங்கலை கண்ணும் மூடலைன்னா பெரும்பாலும் முகநரம்புல வீக்கம், டாக்டருங்க பெல்ஸ் பால்சின்னு சொல்வாங்க, ஆனா அதை வீட்லயே முடிவு பண்ணாதீங்க. ஸ்டீராய்டு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும், அதனால எஸ்டேட் லீவு வரட்டும், சந்தைக்கு போறப்ப பாத்துக்கலாம்னு தள்ளிப்போடக்கூடாது. சுகர் இருந்தா கண்டிப்பா சொல்லுங்க, அந்த மாத்திரை சுகரை ஏத்தும். காதுக்குள்ள கொப்புளம் இருந்தா அதையும் காட்டுங்க, அதுக்கு வேற மருந்தும் சேத்து தருவாங்க.

இமையை தூக்குற தசைக்கு ஒரு நரம்பு, மூடுற தசைக்கு வேற நரம்பு. மூடுறது மட்டும் வேலை செய்யாததால தூக்குறது எதிர்ப்பில்லாம இழுத்துக்கிட்டே இருக்கும், கண்ணு பெருசா முழிச்ச மாதிரி தெரியும். கீழ் இமையும் தொங்கி கண்ணீர் கன்னத்துல வழியும். இதைப் பாத்துட்டு எங்க அத்தையே கேட்டாங்க, "தண்ணிதான் கொட்டுதே கண்ணு, இதுக்கு மேல சொட்டு மருந்து எதுக்கு"ன்னு. வழியிற தண்ணி கருவிழி மேல பரவலை, இமைக்கும்போதுதான் அது பரவும். வெளிய ஈரம், உள்ள வறட்சி.

அதனால பகல்ல செயற்கை கண்ணீர் சொட்டு, கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% மாதிரி, மணிக்கு ஒருதடவையோ ரெண்டு மணிக்கு ஒருதடவையோ டாக்டர் சொன்னபடி விடணும். இவ்ளோ அடிக்கடி விடுறதுனால பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாம இருக்க சேக்குற பொருள்) இல்லாததா கேட்டு வாங்குங்க, அது இருக்கிற மருந்தை ஓயாம விட்டா கண்ணு இன்னும் உறுத்தும். நடுநடுவுல சுத்தமான விரலால மேல் இமையை மெதுவா கீழ இழுத்து மூடி விடுங்க, நரம்பு பண்ண வேண்டிய வேலையை விரல் பண்ணட்டும். வீட்ல பழசா கிடக்கிற ஸ்டீராய்டு சொட்டு, சிவப்பு போற சொட்டு வேண்டாம். நந்தியாவட்டை பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம், காஞ்ச கருவிழியில கிருமி ஏற அதுவே வழி.

காத்துனாலதான் வந்துச்சாங்கிறதை விடுங்க, வந்ததுக்கப்புறம் காத்துதான் அந்த கண்ணுக்கு எதிரி. மேட்டுப்பாளையம் பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காராதீங்க, பைக்ல போனா ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுங்க, வெளிய வந்தா பக்கவாட்டுல மூடின கண்ணாடி போடுங்க. ஜனவரி உறைபனியில ரூம் ஹீட்டரை முகத்துக்கு நேரா வெச்சா ராத்திரியோட ராத்திரியா கண்ணு வறண்டுடும், விறகடுப்பு புகையும் அப்படித்தான். தோட்டத்துல கவாத்து நேரத்து தூசி, மருந்து அடிக்கிற நாள், டீ ஃபேக்டரி தூள் பறக்கிற இடம், இதெல்லாம் சரியாகுற வரைக்கும் வேண்டாம்.

ராத்திரிதான் பெரிய ஆபத்து, தூங்கும்போது மணிக்கணக்கா கண்ணு திறந்தே கிடக்கும். தூங்கப் போறப்ப கீழ் இமையை லேசா இழுத்து உள்பக்கம் ஒரு அரிசி நீளத்துக்கு கண் ஆயின்மென்ட் வைங்க, பார்வை மங்கலாகும், அது பரவாயில்ல. வெளிய வழிஞ்சதை தொடைச்சு தோலை நல்லா காய விடுங்க, பிசுக்கு இருந்தா டேப் ஒட்டாது. கீழ பாக்கச் சொல்லி, விரலால மேல் இமையை இழுத்து முழுசா மூடின அப்புறம்தான் டேப். அரை இஞ்ச் பேப்பர் டேப்பை, மைக்ரோபோர்னு கேட்டா மெடிக்கல்ல தருவாங்க, இமை மயிருக்கு கொஞ்சம் மேல ஒட்டி, சாய்வா வெளிப்பக்கம் கன்னத்தை பாத்து இழுத்து விடுங்க. அப்புறம் டார்ச் அடிச்சு கீழ இருந்து பாருங்க. வெள்ளையா ஒரு கீத்து தெரிஞ்சாலும் எடுத்துட்டு மறுபடி ஒட்டணும். கண்ணு மூடப் பாக்கும்போது கருவிழி மேல ஏறி வெள்ளை மட்டும் தெரியும், பயப்படாதீங்க, அது தன்னை காப்பாத்திக்க உடம்பு பண்றது. மூடாத கண்ணு மேல பஞ்சையோ காஸ் துணியையோ மட்டும் வெச்சு ஒட்டாதீங்க, உள்ள கண்ணு திறந்துக்கிட்டு அந்த துணியே கருவிழியை சிராய்க்கும். டேப் ஒத்துக்காம தோல் தடிச்சுச்சுன்னா நீச்சல் கண்ணாடி போட்டு படுக்கலாம், உள்ள ஈரம் நிக்கும்.

கண்ணு சிவந்தா, வலிச்சா, வெளிச்சம் கூசினா, பார்வை மங்கிக்கிட்டே போனா, கருப்புல வெள்ளைப்புள்ளி தெரிஞ்சா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போயிடுங்க, ஊட்டியோ குன்னூரோ முடியலைன்னா கோயம்புத்தூருக்கு இறங்கிடுங்க. வலியே இல்லைன்னும் நிம்மதியா இருக்காதீங்க. முகவாதம் மூளைக்கட்டி ஆபரேஷனுக்கு அப்புறமோ தொழுநோயாலயோ வந்திருந்தா கருவிழி மரத்துப்போயிருக்கலாம், புண்ணு இருந்தாலும் தெரியாது.

மூணு மாசமாகியும் அசைவு வரலைன்னா மறுபடி காட்டுங்க. இமை ஓரத்தை கொஞ்சம் தைச்சு இடைவெளியை குறைக்கிறது ஒரு வழி. மேல் இமைக்குள்ள சின்ன தங்க எடையோ பிளாட்டின எடையோ வைக்கிறது இன்னொண்ணு, பெரும்பாலும் ஒரு கிராமை ஒட்டி இருக்கும், முதல்ல வெளிய ஒட்டிப் பாத்து எவ்ளோ எடை சரியா வருதுன்னு முடிவு பண்ணுவாங்க. தூக்குற தசை தளர்ந்ததும் எடை இமையை கீழ இறக்கும். மல்லாந்து படுத்தா அந்த எடை அவ்வளவா உதவாது, அதனால அதுக்கு அப்புறமும் ராத்திரி ஆயின்மென்ட் வைங்க, தலைக்கு உயரமா தலையணை போடுங்க.